பொட்காஸ்ட் தேடலைக் கோட் உதவியாளரோடு இணைத்தேன், வேலை செய்யவில்லை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேரவில்லை என்றால், வயலுக்குள் நின்று மண்வெட்டியால் கிண்டிப் பிரயோசனமில்லை. துருசு திறந்திருக்கிறதா, இடையில் யாராவது வாய்க்காலை மறித்திருக்கிறார்களா, எங்கள் வரம்பு வாய்தான் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். கிளிநொச்சியில் என்னிடம் கணினி படிக்க வரும் பிள்ளைகள் இந்த இணைப்பு வேலையில் செய்யும் பிழையும் இதேதான். இணைப்பு வரவில்லை என்றவுடன் கீயை (சேவைக்குள் விடும் இரகசிய எழுத்துத் தொடரை) மாற்றுவார்கள், அமைப்புக் கோப்பை மாற்றுவார்கள், நோட் என்ற நிரல் ஓட்டும் மென்பொருளை மறுபடி இன்ஸ்டோல் பண்ணுவார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு, "சேர், இப்ப முந்தியை விட மோசம்" என்று வந்து நிற்பார்கள்.

வேலை இதுதான். கிளோட் கோட், கேர்சர், வீஎஸ் கோட் போன்ற ஒரு கோட் உதவியாளருக்கு, அதாவது நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு, பொட்காஸ்ட் தேடும் சேவை ஒன்றைக் கைக்கெட்டச் செய்வது. எங்களுக்கு இது தேவைப்பட்டது ஒரு சின்னச் செயலிக்காக: நெல், கால்நடை, மண் பற்றிய தமிழ் ஒலிப்பதிவுகளைத் தேடிப் பட்டியலிடவேண்டும், உழவு இயந்திரத்தில் இருந்தபடியே அப்பாமார் கேட்கவேண்டும். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தங்கச்சியும், புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு தம்பியும் இதில் மினக்கெட்டார்கள். அவர்கள் இடறிய இடங்களும் நான் இடறிய இடங்களும்தான் கீழே இருக்கின்றன.

இணைப்பு எம்சிபி (மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொகோல்) என்ற பொது முறையில் நடக்கிறது. அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட முறை அது. இப்போது வேறு நிறுவனங்களின் கருவிகளும் அதை ஏற்கின்றன. உதவியாளர் ஒரு சின்ன நிரலோடு பேசும், அந்த நிரல் பொட்காஸ்ட் சேவையோடு பேசும். நடுவில் நிற்கும் அந்த நிரலைத்தான் எம்சிபி சேர்வர் என்கிறோம். சேர்வர் என்றவுடன் குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய பெட்டியை நினைக்கவேண்டாம், அது உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ஓடலாம். ஆக, உதவியாளர், நடுவில் சேர்வர், இணைய இணைப்பு, கடைசியில் பொட்காஸ்ட் சேவை என்று நாலு இடம். பிழை இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எதையும் தொட முதல் ஒரு சோதனை

உதவியாளரை மூடிவிட்டு, டேர்மினலை (கட்டளை தட்டும் திரையை) திறந்து, கேர்ல் என்ற கருவியால் சேவையை நேரடியாகக் கேளுங்கள். சேவையின் வழிகாட்டிப் பக்கத்தில் மாதிரிக் கட்டளை இருக்கும், அதில் உங்கள் கீயைப் போட்டு, விடை எண்ணும் தெரியும்படி சிறுகோடு ஐ சேர்த்து ஓட்டினால் போதும். 200 என்று விடை வந்தால் இணையமும் சேவையும் கீயும் சரி. பிழை உங்கள் கணினிக்குள்ளே, நடுச் சேர்வரிலோ உதவியாளரிலோ இருக்கிறது. 401, 403, 429 என்று வந்தால் சேவையே உங்களை மறுக்கிறது, உதவியாளரின் கோப்புகளில் கை வைக்கவே வேண்டாம். இந்த இரண்டு நிமிடச் சோதனை பாதி வாய்க்காலை நடக்காமலே கழித்துவிடும்.

விண்டோஸ்காரர் கவனிக்க: பழைய பவர்ஷெல்லில் கேர்ல் என்று தட்டினால் உண்மையான கேர்ல் ஓடாது, அந்தப் பெயரில் வேறொரு கட்டளைதான் ஓடும். கேள்வியோடு சேர்ந்து போகும் தலைப்பு வரிகளை (ஹெடர்) கொடுக்கும் முறையே அதில் வேறு என்பதால் விளங்காத சிவப்பு எழுத்துகள் வரும். கேர்ல் என்பதற்குப் பின்னால் புள்ளி ஈஎக்ஸ்ஈ சேர்த்துத் தட்டுங்கள்.

அறிகுறி: பட்டியலில் சேர்வரின் பெயரே இல்லை

கிளோட் கோட்டில் "கிளோட் எம்சிபி லிஸ்ட்" என்று கேட்டால் இணைத்த சேர்வர்களைக் காட்டவேண்டும். அதில் பெயரே வராவிட்டால், அனேகமாக நீங்கள் வேறொரு கோப்புறைக்குள் நிற்கிறீர்கள். இணைக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால் "லோக்கல்" என்ற எல்லைக்குள் சேர்வர் போய்விடும். எந்தக் கோப்புறையில் நின்று இணைத்தீர்களோ அங்கே மட்டும்தான் தெரியும். எல்லா வேலைகளிலும் வேண்டுமென்றால் "யூசர்" எல்லை. குழுவாகச் செய்கிறவர்களுக்கு "புரொஜெக்ட்" எல்லை. அது புள்ளி எம்சிபி புள்ளி ஜேசன் என்ற கோப்பாகத் திட்டத்தின் மேல் கோப்புறையில் இருக்கும். மற்றவர் முதன்முதலாகத் திறக்கும்போது "இதை நம்பலாமா" என்று கேட்கும். அவசரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு காணவில்லை என்று தேடுகிறவர்களும் உண்டு.

இன்னொரு காரணம், கோப்பை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டுவது. கிளோட் கோட்டிலும் கேர்சரிலும் மேல் பெயர் "எம்சிபிசேர்வர்ஸ்". வீஎஸ் கோட்டில் வெறும் "சேர்வர்ஸ்". உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒரு சொல்லால் கருவி கோப்பைக் கண்டுகொள்ளாது. பிழை என்று சொல்லாமலும் விடலாம். தங்கச்சி ஒரு பின்னேரம் முழுவதையும் இதில் தொலைத்தார்.

அறிகுறி: பெயர் இருக்கிறது, ஆனால் "ஃபெயில்ட்" என்று நிற்கிறது

இதற்குக் காரணங்கள் பல. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஊர்ப்பக்கம் அதிகம் அகப்படுவது இணைய வேகம். பல சேர்வர்கள் என்பிஎக்ஸ் என்ற கட்டளையால் ஓடும். முதல்முறை ஓடும்போது அது தேவையான பொதிகளையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ போனின் ஹொட்ஸ்பொட்டில், இரண்டு கோட்டுச் சிக்னலில் இருந்துகொண்டு செய்தால் அது முடியமுன்னரே உதவியாளர் பொறுமையிழந்து கைவிட்டுவிடும். சேர்வரில் ஒரு பிழையும் இல்லை, நேரம்தான் போதவில்லை. சிக்னல் நல்ல இடத்தில் நின்று என்பிஎம் இன்ஸ்டோல் மூலம் பொதியை ஒருக்கா நிரந்தரமாக இறக்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. அல்லது எம்சிபி டைம்அவுட் என்ற சூழல் மாறியை (நிரல்கள் தொடங்கும்போது பார்க்கும் அமைப்பு மதிப்பை) கூட்டுங்கள். அது மில்லிசெக்கனில் எண்ணும்: ஒரு நிமிடம் வேண்டுமென்றால் 60000. அறுபது என்று மட்டும் போட்டால் கண் இமைக்கமுன் கைவிட்டுவிடும்.

விண்டோஸில் என்பிஎக்ஸை நேரடியாகக் கூப்பிட்டால் பெரும்பாலும் "இணைப்பு மூடப்பட்டது" என்று வரும். கட்டளையை சிஎம்டி என்று வைத்து, சாய்கோடு சி என்பதை முதல் உறுப்பாகவும் என்பிஎக்ஸை அடுத்ததாகவும் கொடுங்கள்.

ஈ-என்-ஓ-ஈ-என்-டி என்று ஆறு எழுத்து வந்தால், "நீ சொன்ன நிரலை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதுதான் அர்த்தம். டேர்மினலில் ஓடுகிறதே என்று வாதாடவேண்டாம். டேர்மினல் தொடங்கும்போது வாசிக்கும் அமைப்புக் கோப்புகளை, ஐகனைத் தட்டித் திறந்த எடிட்டர் பெரும்பாலும் வாசிப்பதில்லை. என்விஎம் என்ற கருவி மூலம் நோட்டைப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். "விச் என்பிஎக்ஸ்" என்று கேட்டு வரும் முழுப் பாதையைக் கோப்பில் எழுதுங்கள்.

அடுத்தது கோப்பின் எழுத்துப் பிழை. அமைப்புக் கோப்பு எழுதப்படும் ஜேசன் வடிவத்தில் கடைசி உறுப்புக்குப் பின்னால் காற்புள்ளி நிற்கக்கூடாது. விண்டோஸ் பாதையின் பின்சாய்கோட்டை இரண்டு இரண்டாய்ப் போடவேண்டும். வேர்ட்டிலிருந்தோ ஐபோனிலிருந்தோ வெட்டி ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து வரும், ஜேசனுக்கு நேரான குறி மட்டும்தான் விளங்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் சந்தேகம் வந்தால் குறிகளை அழித்துவிட்டு விசைப்பலகையில் திரும்பத் தட்டுங்கள்.

சேர்வரை நீங்களே எழுதியிருந்தால் இதையும் பாருங்கள். உதவியாளரும் சேர்வரும் ஒரே கணினியில் பேசும்போது, சேர்வரின் வழமையான வெளியீட்டுக் குழாய்தான் அவர்களின் பேச்சுக் கம்பி. அதில் ஜேசன் செய்தியைத் தவிர வேறொன்றும் போகக்கூடாது. "சேர்வர் தொடங்கிவிட்டது" என்று ஆசையாய் ஒரு கொன்சோல் லொக் வரி போட்டால் அதுவும் கம்பிக்குள் போய்ப் பேச்சைக் கெடுத்துவிடும். பைதனில் பிரின்ட்டும் அப்படியே. லொக் எழுதவேண்டுமானால் பிழை வெளியீட்டுக்கு, அதாவது எஸ்டிடி எரருக்கு அனுப்புங்கள். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற கருவியில் சேர்வரைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் இது சட்டென்று தெரியும். உதவியாளர் இல்லாமலே கருவிகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கலாம்.

அறிகுறி: 401

401 என்றால் "நீ யாரென்று எனக்குத் தெரியாது". கீயில் பிழை என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அதையே முதலில் பார்ப்போம்.

எடிட்டரை ஐகனால் திறந்தால் உங்கள் டேர்மினலில் வைத்த சூழல் மாறிகள் சேர்வருக்குப் போகாது என்று மேலே சொன்னேன். கேர்லில் 200 வந்தும் உதவியாளரில் மட்டும் 401 என்றால் கீயும் அப்படித்தான் போகாமல் நின்றிருக்கலாம். கோப்பில் "என்வ்" என்ற பகுதிக்குள் கீயைக் கொடுக்கவேண்டும். குழுவோடு பகிரும் கோப்பென்றால் கீயை நேரடியாக எழுதாமல் மாறியின் பெயரை மட்டும் டொலர் குறியோடு அடைப்புக்குள் எழுதுங்கள், கிளோட் கோட் அதை நிரப்பிக்கொள்ளும். வீட்டுத் திறப்பைப் படலையில் தொங்கவிட்டுப் போகிறவர் யாரும் இல்லை, கிட் என்ற கோட் பகிரும் களஞ்சியத்தில் மட்டும் ஏன் போடுகிறீர்கள்? ஒருமுறை பொதுவில் போய்விட்டால் வரியை அழிப்பது காணாது, பழைய பதிவில் அது இருக்கும். சேவையில் போய் அந்தக் கீயையே செல்லாததாக்கிப் புதியது எடுங்கள்.

சேவைக்குச் சேவை கீயைக் கொடுக்கும் விதமும் வேறு. லிசன் நோட்ஸில் ஒரே ஒரு தலைப்பு வரியில் கீயை அப்படியே அனுப்பினால் போதும். 2020இல் அடம் கறியும் டேவ் ஜோன்ஸும் தொடங்கிய பொட்காஸ்ட் இன்டெக்ஸ் இலவசம், ஆனால் கொஞ்சம் கறார். கீ, இரகசியக் கீ, இப்போதைய நேரம் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஷா-1 என்ற கணக்கால் 40 எழுத்து அடையாளமாக்கி, கீயோடும் நேரத்தோடும் உங்கள் செயலியின் பெயரோடும் சேர்த்து அனுப்பவேண்டும். இதில் இரண்டு பொறி. ஒன்று, டேர்மினலில் எக்கோவால் ஒட்டினால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத புதுவரி எழுத்து ஒன்று சேர்ந்து அடையாளமே மாறிவிடும். பிரின்ட்எஃப் பாவியுங்கள். மற்றது, இரகசியக் கீயில் டொலர் குறி வந்தால் இரட்டை மேற்கோளுக்குள் ஷெல் (டேர்மினலில் கட்டளையை வாசிக்கும் நிரல்) அதற்கு வேறு அர்த்தம் கொடுத்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் 401 வந்தால், கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள்.

புதுக்குடியிருப்புத் தம்பிக்கு நடந்தது இது. என் கணினியில் ஓடிய அதே கோட், அதே கீ, அவருடைய கணினியில் 401. பொட்காஸ்ட் இன்டெக்ஸ் நீங்கள் அனுப்பும் நேரத்தைத் தன் நேரத்தோடு ஒப்பிட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது. ஆனால் தம்பியின் திரையில் நேரம் சரியாகத்தான் இருந்தது. என் கைக்கடிகாரத்தோடு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"தம்பி, நேர வலயம் என்ன போட்டிருக்கிறீர்?"

"தெரியேல்லை சேர். மணிக்கூடு பிழையாக் காட்டினது, நான் கையாலை சரிப்பண்ணிப்போட்டன்."

திறந்து பார்த்தால் டாக்கா. உலக நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னால். இலங்கை ஐந்தரை. வலயத்தை விட்டுவிட்டு முள்ளை மட்டும் கையால் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். சுவர் மணிக்கூடுபோலப் பார்த்தால் சரி. ஆனால் சேவைக்குப் போவது 1970 ஜனவரி 1 முதல் உலக நேரத்தில் எண்ணப்படும் செக்கன்களின் தொகை. காலை பத்து மணியை டாக்காவின் பத்து மணி என்று கணினி எடுத்துக்கொண்டதால், அந்தத் தொகை 1800 செக்கன் பின்தங்கிப் போனது.

அரை மணித்தியாலப் பிரச்சினை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருத்தவேண்டும். "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த 401 உடனே விளங்கும். தம்பி 2006க்குப் பிறகு பிறந்தவர், அவருக்கு நான் கதை சொல்லவேண்டியிருந்தது.

திருத்தம் சின்னது. நேர வலயத்தைக் கொழும்பாக்குங்கள் (விண்டோஸில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று இருக்கும்), தானாக நேரம் எடுப்பதை இயக்கி "சிங்க் நவ்" கொடுங்கள். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்று தட்டினால் வலயம், உலக நேரம், ஒத்திசைவு மூன்றையும் ஒன்றாகக் காட்டும்.

பழைய மேசைக் கணினியில் ஒவ்வொரு நாளும் நேரம் மாறிப் போனால் உள்ளே சீஆர் 2032 பற்றரி செத்துவிட்டது. கரண்ட் நின்று வரும்போதெல்லாம் கணினி பழைய திகதிக்குப் போய்விடும். வருடக்கணக்கில் வித்தியாசம் என்றால் 401 வராது, அதற்கு முன்னரே பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு முறியும். சான்றிதழ்ப் பிழை என்றால் திகதியைப் பாருங்கள், 401 என்றால் நிமிடத்தையும் வலயத்தையும் பாருங்கள். நாணயம் மாதிரி இருக்கும் ஒரு பற்றரிதான் அது, கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம்.

அறிகுறி: 429

கூடக் கேட்டுவிட்டீர்கள். கோட் உதவியாளர் ஒரு கேள்விக்குப் பத்துத் தேடல் போடக்கூடியது, அதனால் இலவசத் திட்டத்தின் எல்லை நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும். எத்தனை செக்கன் பொறுக்கவேண்டும் என்று சேவை தலைப்பு வரியில் சொன்னால் சேர்வர் அதை மதிக்கவேண்டும். உடனே திரும்பத் திரும்பத் தட்டுவது மோசமாக்கும். கண்ட விடைகளை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால் அதே தேடலுக்குத் திரும்பப் போகவேண்டியதில்லை.

கீ கேட்காத சேவைகளில் இன்னொரு சங்கடம். அப்பிளின் ஐடியூன்ஸ் தேடல் கீ இல்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 அழைப்புகளுக்கு இடம் தரும். கீ இல்லாத இடத்தில் ஆளை அடையாளம் காண மிஞ்சுவது ஐபி முகவரிதான். போன் வலையமைப்பில் ஒரே ஐபியை எத்தனையோ பேர் பகிர்ந்துகொள்வார்கள். நீங்கள் ஒருமுறைதான் கேட்டீர்கள், ஆனால் உங்களுக்கு முன்னால் யாரோ கேட்டு முடித்திருக்கலாம். இதே சேவையில் நாட்டைச் சொல்லாவிட்டால் அமெரிக்கா என்று எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

அறிகுறி: என்ன தேடினாலும் அதே விடை

நெல் என்று தேடினாலும், மாடு என்று தேடினாலும், ஒரே ஆங்கில நிகழ்ச்சிகள். நான் இதைச் சேவையின் குறை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் திட்டிக்கொண்டிருந்தேன். குறை என்னுடையது. லிசன் நோட்ஸின் நிரல் நூலகம் கீ வெறுமையாக இருந்தால் பிழை சொல்லாது. பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் மாதிரிச் சேர்வருக்குப் போய்ப் பொய்த் தரவை எடுத்து வரும். பழகுகிறவர்களுக்கு நல்ல வசதி. கீ போய்ச் சேரவில்லை என்பது தெரியாதவர்களுக்குப் பெரிய குழப்பம். சேர்வர் தொடங்கும்போதே கீ வெறுமையா என்று பார்த்து நிறுத்தும் ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

அறிகுறி: ஆங்கிலத்தில் தேடினால் வருகிறது, தமிழில் பூச்சியம்

இதில்தான் நாங்கள் அதிகம் நின்றோம்.

முதல் சந்தேகம் எழுத்துரு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பல அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் பாமினியில் தட்டுகின்றன. பாமினித் தமிழ் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டும் தமிழாகக் காட்டும். பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றிலிருந்து பயிர்நோய்ப் பெயர்களை வெட்டி ஒட்டினால் சேவைக்குப் போவது அர்த்தமில்லாத ஆங்கிலக் கூட்டம். யூனிகோடாக மாற்றிவிட்டே கொடுங்கள்.

இரண்டாவது, வழியில் எழுத்துச் சிதைவது. விண்டோஸ் டேர்மினலில் கேள்விக்குறிகளாக வந்தால் "சிஎச்சிபி 65001" என்று தட்டி யூடிஎஃப்-8க்கு மாறுங்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (எழுத்தும் அதன் விசிறி, கொம்பு, புள்ளியும் தனித்தனிக் குறி). கிளிநொச்சி என்ற சொல்லில் பத்துக் குறி, 30 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் வீதக்குறியோடு மூன்று எழுத்தாகும், ஆக 90 எழுத்து. சேர்வரின் லொக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவில்) அந்த நீளத் தொடர் வீதக்குறி, ஈ, பூச்சியம் என்று தொடங்கினால் சரி. வீதக்குறிக்கு அடுத்ததாக 25 நின்றால் இரண்டு தரம் குறியாக்கம் நடந்திருக்கிறது: உதவியாளர் எழுதிய கோட் ஒருமுறை மாற்றியிருக்கும், நூலகம் இன்னொருமுறை மாற்றியிருக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அதே கிளிநொச்சியில் "நொ" இருக்கிறதே, அதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகப் பிரிந்தும் வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். அனுப்பமுன் என்எஃப்சி என்ற சீராக்கத்தைச் செய்யச் சொல்லுங்கள், ஒரு வரிதான்.

எழுத்தெல்லாம் சரியாகியும் விடை வராததற்கு மூன்றாவது காரணம் மொழி. எந்தச் சேவை எதற்குள் தேடுகிறது என்று முதலில் பாருங்கள். பொட்காஸ்ட் இன்டெக்ஸின் சொல் தேடல் நிகழ்ச்சியின் தலைப்பு, ஆக்கியவர், உரிமையாளர் பெயர்களுக்குள் தேடுவது. ஒரு பாகத்தின் (எபிசோட்டின்) விபரத்துக்குள் "வாய்க்கால்" என்று எழுதியிருந்தாலும் அதில் அகப்படாது. பல தமிழ் நிகழ்ச்சிகள் தலைப்பை ஆங்கில எழுத்திலேயே போட்டிருக்கின்றன. தமிழ் எழுத்தில் போட்டவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர். நாங்கள் பசளை என்போம், அங்கே உரம். நாங்கள் கமக்காரர், அங்கே விவசாயி. நெல்லை எரிந்ததுபோலாக்கும் கபிலநிறத் தத்தியைத் தேடி ஒன்றுமே வராமல், அங்கே அதற்குப் புகையான் என்று பெயர் என்பதைத் தங்கச்சிதான் கண்டுபிடித்தார். பொட்காஸ்ட் என்று நாங்கள் எழுதுவதைக்கூட அங்கே பாட்காஸ்ட் என்று எழுதுவார்கள்.

எனவே ஒரு சின்னச் சொற்கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதம். ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாவற்றையும் போட்டு, விடைகளை ஒன்றாக்கி, இரட்டிப்பை நீக்கும்படி உதவியாளருக்குத் திட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். ஊர்ப்பெயர்களுக்கும் இது வேண்டும். வன்னியை ஆங்கிலத்தில் வி போட்டும் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள்.

அறிகுறி: திகதி வடிகட்டி வேலை செய்யவில்லை

லிசன் நோட்ஸ் திகதியை மில்லிசெக்கனில் கேட்கும். பொட்காஸ்ட் இன்டெக்ஸ் செக்கனில். 2023 நவம்பருக்குப் பிந்தியது வேண்டுமென்று 1700000000 என்று செக்கனைக் கொடுத்தால், லிசன் நோட்ஸ் அதை மில்லிசெக்கனாக எடுத்து 1970 ஜனவரி 20 என்று விளங்கிக்கொள்ளும். அதற்குப் பிந்தியது எல்லாமே என்பதால் வடிகட்டாததுபோல இருக்கும். "முந்தியது" என்று கேட்டால் ஒன்றுமே வராது. மூன்று பூச்சியம் கூட்டினால் சரி.

அறிகுறி: அருமையான பட்டியல் வருகிறது, ஆனால் அப்படியொரு பாகமே இல்லை

உதவியாளர் கருவியைத் தொடாமலே தன் நினைவிலிருந்து பதில் சொல்லியிருக்கிறது. பெயர்கள் நம்பும்படி இருக்கும், தட்டிப் பார்த்தால் வெறுமை. திரையில் கருவி அழைக்கப்பட்ட வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கேள்வியில் சேர்வரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: இன்ன சேர்வரின் தேடல் கருவியால் தேடு, ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் அடையாள எண்ணையும் ஒலிக்கோப்பின் முகவரியையும் தா, விடை வராவிட்டால் வரவில்லை என்று சொல். கருவியை அழைக்க அனுமதி கேட்டபோது நீங்கள் மறுத்திருந்தாலும் இப்படி நடக்கும்.

கருவியின் விபரிப்பு மொட்டையாக இருந்தாலும் உதவியாளர் அதை எடுக்காது. "சேர்ச்" என்று மட்டும் எழுதிய கருவியை எதற்குப் பாவிப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? என்ன தேடும், எந்தச் சேவையில், எந்த மொழியில், எப்போது பாவிக்கவேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள். நாங்கள் மற்ற எதையும் மாற்றாமல் இதை மட்டும் திருத்தியபோதே கருவியைத் தேடிப் போகத் தொடங்கியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாகங்களின் விபரக்குறிப்பு யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியது. அதற்குள் "இந்தக் கோப்புகளை அழி" என்று எழுதியிருந்தால் உதவியாளர் அதை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பொட்காஸ்ட் தேடும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்காதீர்கள்.

அறிகுறி: விடை மிகப் பெரிது என்ற எச்சரிக்கை

கிளோட் கோட் ஒரு கருவியின் விடை 10,000 டோக்கனை (உதவியாளர் எழுத்தை எண்ணும் துண்டுகளை) தாண்டினால் எச்சரிக்கும், 25,000இல் வழமையான எல்லை. மக்ஸ் எம்சிபி அவுட்புட் டோக்கன்ஸ் என்ற மாறியால் கூட்டலாம், ஆனால் நான் கூட்டுவதில்லை. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் தின்னும், விபரக்குறிப்புக்குள் எச்டிஎம்எல் குப்பையும் கிடக்கும். தலைப்பு, திகதி, நீளம், முகவரி மட்டும் அனுப்பும்படி சேர்வரைத் திருத்துங்கள். ஒருமுறைக்குப் பத்து விடை காணும், மிச்சத்தை அடுத்த பக்கமாக எடுக்கலாம். உங்கள் டேட்டாவும் மிஞ்சும்.

அறிகுறி: நேற்று ஓடியது, இன்று இல்லை

வெளியிலுள்ள சேர்வரை முகவரி கொடுத்து இணைத்தவர்களுக்கு இது வரும். எம்சிபியின் முதல் வடிவில் தொலைச் சேர்வர்கள் எஸ்எஸ்ஈ முறையில் பேசின. 2025 மார்ச் வடிவில் அதற்குப் பதிலாக ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி வந்தது. சேவை புதிய முறைக்கு மாறியிருந்தால் பழைய முகவரி 404 அல்லது 405 என்று சொல்லும். சேவையின் பக்கத்தில் புதிய முகவரியைப் பார்த்து, பழையதை நீக்கிவிட்டு, எச்டிடிபி என்ற வகையைச் சொல்லி மறுபடி இணையுங்கள். உள்நுழைவுச் சீட்டுக் காலாவதியாகியிருந்தாலும் இதே கோலம்தான். கிளோட் கோட்டுக்குள் சாய்கோடு எம்சிபி என்று தட்டி மறுபடி உள்நுழைந்தால் சரிவரும்.

இதற்கும் மசியாமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், போனால் திரையைப் படம் பிடித்து "வேலை செய்யேல்லை" என்று அனுப்பாதீர்கள். கேர்ல் சோதனையின் விடை எண், "கிளோட் எம்சிபி லிஸ்ட்" காட்டிய வரி, கோப்பின் அந்தப் பகுதி, எந்த இயங்குதளம், கணினியின் நேர வலயம் ஆகியவற்றை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். அனுப்பமுன் கீயின் நடு எழுத்துகளை அழித்துவிடுங்கள்.